செக்: ஒரு ராஜாவின் பட்டம் போய்ச் சேர்ந்த இடங்கள்

பேங்கில் கொடுப்பது செக். டவுன் பஸ்ஸில் டிக்கெட் பார்க்க ஏறுகிறவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். மாநில எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடம் செக் போஸ்ட். நாற்பது வயதைத் தாண்டினால் வருடத்துக்கு ஒரு முறை செக்-அப். கட்டம் போட்ட சட்டை செக்டு ஷர்ட். ஓடைக்குக் குறுக்கே கட்டினால் செக் டேம், மோட்டார் குழாயில் மாட்டினால் செக் வால்வு, ஹோட்டல் அறைக்குள் போனால் செக்-இன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் செக்-அவுட். தேர்தல் வந்துவிட்டால் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்கு வைப்பதும் செக்தான்.

இவ்வளவும் ஒரே சொல். ஒலியில் மட்டும் ஒத்துப்போகிற வேறு வேறு சொற்கள் என்று நினைக்கத்தான் தோன்றும், ஆனால் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, அந்த வேர் பாரசீக மொழியில் ராஜாவைக் குறிக்கும் ஷா. ஷாஜகான் பெயரில் இருக்கிற அதே ஷா, பாதுஷா என்ற பட்டத்தின் வாலில் இருக்கிற அதே ஷா.

நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன். ஆபீஸில் காலையிலிருந்து மாலைவரை இந்தச் சொல் புழங்கிக்கொண்டே இருக்கும். "அந்த வவுச்சரை ஒரு தடவை செக் பண்ணிட்டு செக்கைக் கொடுத்துடுங்க" என்று ஒரே மூச்சில் இரண்டு செக்கும் வரும். இங்கிலாந்து ஆங்கிலம் இந்த இரண்டையும் எழுத்துக்கூட்டலில் பிரித்து வைத்திருக்கிறது. சரிபார்ப்பதற்கு சி, கே போட்டு முடிக்கிறது, பேங்க் தாளுக்கு கியூ, யூ, ஈ போட்டு முடிக்கிறது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. வரலாற்றைப் பார்த்தால் தமிழ் எழுத்துதான் நியாயமாக நடந்துகொள்கிறது என்பேன், அந்த வரலாற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆரம்பம் நம்ம நாட்டு விளையாட்டிலிருந்து. சதுரங்கம் என்றால் நான்கு அங்கம், அதாவது தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படை. இந்த விளையாட்டு 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதற்குச் சத்ரங்க் என்று பெயர். இந்திய அரசன் ஒருவன் பலகையையும் காய்களையும் பாரசீகப் பேரரசன் அனுஷிர்வான் சபைக்கு அனுப்பி, "இதை எப்படி ஆடுவது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்று சவால் விட்டதாகவும், புசுர்க்மிஹ்ர் என்ற அமைச்சர் யோசித்துக் கண்டுபிடித்ததாகவும் பிர்தௌசியின் ஷாநாமாவில் ஒரு கதை வருகிறது. கதை கதைதான், ஆனாலும் விளையாட்டு இந்தியாவிலிருந்து வந்தது என்பதைப் பாரசீகர்களே தங்கள் பெருங்காவியத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 7-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபுகள் கைக்குப் போனது. அரபியில் 'ச்ச' ஒலியும் இல்லை, 'க'-வின் மெல்லொலியும் இல்லை, அதனால் சத்ரங்க் ஷத்ரஞ்ச் ஆனது.

எதிராளியின் ராஜாவைத் தாக்கும்படி ஒரு காயை நகர்த்தினால் பாரசீகர்கள் "ஷா!" என்று சொல்வார்கள். ராஜாவுக்கு ஆபத்து, பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கை அது. தப்பிக்க வழியே இல்லையென்றால் "ஷா மாத்". ராஜா செத்தான் என்று அரபி வழியாகப் பொருள் சொல்வார்கள், பாரசீக வழியாக ராஜா செய்வதறியாமல் நிற்கிறான் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லை, நகர இடமில்லாமல் நிற்கிற அந்த இடத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். வட இந்தியாவில் இன்றும் ஷஹ், மாத் என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் ஒரு படி பின்னால் போனால், ஷா என்ற சொல்லின் பழைய பாரசீக வடிவம் ஆளுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, சத்திரியன் என்ற சொல்லின் வேரும் அதற்கு நெருங்கிய சொந்தம்.

அந்த "ஷா!" அரபி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து, லத்தீனில் ஸ்காக்கஸ் என்று உருமாறி, பழைய பிரெஞ்சில் எஷெக் ஆனது. ஆங்கிலத்தில் முன்னால் இருந்த எ உதிர்ந்து செக் ஆனது. அந்த எஷெக்கின் பன்மை வடிவம்தான் செஸ். ஆகவே செஸ் என்ற பெயரின் அடியில் கிடப்பதும் ராஜாக்கள்தான். ஜெர்மன் மொழியில் ஷாக், ரஷ்ய மொழியில் ஷாக்மாத்தி, எல்லாம் இதே குடும்பம். பிரெஞ்சில் எஷெக் என்றால் இன்றைக்கு தோல்வி என்று பொருள். பரீட்சையில் தேறாமல் போவதற்கும் அதைச் சொல்கிறார்கள்.

சரி, செஸ்ஸில் கத்துகிற ஒரு வார்த்தை எப்படிப் பஸ் டிக்கெட்டுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வந்தது? செக் விழுந்தவுடன் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதுவரை நீங்கள் போட்டு வைத்திருந்த திட்டம் எல்லாம் நின்றுவிடும். குதிரையை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம், இரண்டு நகர்த்தல் கழித்து ராணியை வெட்டலாம் என்று நினைத்ததெல்லாம் அப்படியே கிடக்கும். ராஜாவை நகர்த்த வேண்டும், இல்லை குறுக்கே ஒரு காயை வைக்க வேண்டும், இல்லை தாக்குகிற காயை வெட்ட வேண்டும், நான்காவது வழி கிடையாது. இந்த 'திடீரென்று தடுத்து நிறுத்துதல்' என்பதுதான் ஆங்கிலத்தில் செக்கின் முதல் கிளைப்பொருள். 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. விலைவாசியைச் செக்கில் வைப்பது, கோபத்தைச் செக் செய்வது, ஐஸ் ஹாக்கியில் ஓடிவருகிறவனை உடம்பால் இடித்து நிறுத்துகிற பாடி செக், எல்லாம் அந்தக் கிளையில் வருபவை. அமெரிக்க அரசியல் அமைப்பைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி அடிபடுகிற 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்' என்ற தொடரிலும் செக் என்பதற்குச் சரிபார்த்தல் என்று பொருள் இல்லை. நாடாளுமன்றம் அதிபரை, அதிபர் நாடாளுமன்றத்தை, நீதிமன்றம் இருவரையும் கட்டுப்படுத்தி நிறுத்துவது என்றே பொருள். இதைச் சில தமிழ்க் கட்டுரைகளில் 'சரிபார்ப்பும் சமநிலையும்' என்று எழுதுகிறார்கள், அங்கே பொருள் நழுவிப்போகிறது. தடை, கட்டுப்பாடு, லகான் என்று ஏதாவது ஒன்று வர வேண்டிய இடம் அது.

இந்தப் பழைய பொருள் நம் ஊரில் மிகச் சுத்தமாக உயிரோடு இருப்பது பிளம்பர்களிடமும் பொதுப்பணித் துறையிடமும்தான். கீழே சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்கிற தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கப் பார்க்கும். குழாயின் நடுவே ஒரு பித்தளைக் குமிழ் மாதிரி இருக்கும், அதற்குள் ஒரு சின்ன மூடி கீல் போட்டுத் தொங்கும். தண்ணீர் மேலே போகும்போது மூடி திறந்துகொள்ளும், திரும்பி வரும்போது அந்தத் தண்ணீரின் கனத்தாலேயே 'டப்' என்று அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதை மாட்டிய பிளம்பர், "செக் வால்வு போடலைன்னா தண்ணி திரும்பி வந்துரும் சார், மோட்டாரும் சீக்கிரம் போயிரும்" என்றார். அவர் எதையும் சரிபார்க்கிற வால்வைப் பற்றிப் பேசவில்லை, மறிக்கிற வால்வைப் பற்றிப் பேசினார். செக் டேமும் அப்படியே. ஓடையில் ஓடுகிற மழைத்தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மண்ணுக்குள் இறங்க விட்டு, சுற்றியிருக்கிற கிணறுகளுக்கு ஊற்றெடுக்க வைப்பது. தமிழில் தடுப்பணை என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குச் செக்கின் பழைய பொருள் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

இனி, கணக்குக்காரனான எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நிதி அமைச்சருக்கு இன்றைக்கும் பதவிப் பெயர் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. அந்த எக்ஸ்செக்கருக்குள் இருப்பதும் நம்ம செக்தான். பழைய பிரெஞ்சில் எஷெக்கியே என்றால் சதுரங்கப் பலகை. முன்னால் எக்ஸ் சேர்ந்தது பின்னால் வந்த ஆட்கள் லத்தீன் சொல் என்று நினைத்துக்கொண்டு செய்த வேலை. கஜானாவுக்கு எதற்குச் சதுரங்கப் பலகையின் பெயர்?

1170-களின் கடைசியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற பொருளாளர், இரண்டாம் ஹென்றி மன்னனின் கஜானா எப்படி நடக்கிறது என்று கேள்வி பதிலாக ஒரு நூல் எழுதினார். உள்ளே இருந்து வேலை பார்த்த ஆள் எழுதியது என்பதால் விவரம் அப்படி இருக்கும். கணக்குப் பார்க்கிற மேஜை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைக்கிற காசு உருண்டு கீழே விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி, துணியில் கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு அடியோ ஒரு சாண் அளவோ இடைவெளி. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்னிக்கு ஒன்று, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, இருபது பவுண்டுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. அந்தப் பத்திகளில் வில்லைகளை அடுக்கிக் கணக்குப் போடுவார்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், அப்போது அவர்கள் எழுதியது ரோமன் எண்கள். ரோமன் எண்ணில் எழுதி வைக்கலாம், கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் அதை முயன்று பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும். துணிமேல் வில்லை வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கண்ணால் பார்த்தாலே விளங்கும். மாவட்டத்தில் ராஜாவுக்காகப் பணம் வசூலிக்கிற அதிகாரியான ஷெரீஃப் வந்து மேஜைக்கு ஒரு பக்கம் உட்காருவார். அவர் கட்ட வேண்டிய தொகை மேல் வரிசையில், அவர் கட்டியது கீழ் வரிசையில், கழித்தது போக மிச்சம் எல்லோர் கண்முன்னாலும். செஸ் பலகையில் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே போர் நடக்கிற மாதிரி, இங்கே பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் நடுவே போர் நடக்கிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று ஃபிட்ஸ்நீலே விளக்கம் சொல்கிறார். எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கணக்குப் பிள்ளை தன் மேஜையைப் பார்த்து இப்படி எழுதியிருப்பதை முதலில் படித்தபோது எனக்கு அவர்மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. ஆடிட் நடக்கிற நாளில் எங்கள் மேஜையிலும் நடப்பது அதே போர்தான்.

ஷெரீஃப் பணம் கட்டியதற்கு ரசீதும் அங்கே மரத்தில்தான். ஹேசல் மரக் குச்சியில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணியின் பருமன், பென்னிக்கு வெறும் கீறல். அப்புறம் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கட்டியவர் கையில், இன்னொரு பாதி கஜானாவில். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டும் மரத்தின் நரம்பும் பொருந்தினால் கணக்குச் சரி. ஒரு பக்கத்தில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டு ஏமாற்ற முடியாது, மற்றப் பாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குச்சி முறை 1826 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது என்றால் நம்புவீர்களா! 1834 அக்டோபர் 16-ஆம் தேதி, குவிந்து கிடந்த பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி சூடேறித் தீப்பிடித்து, பாராளுமன்றக் கட்டடமே பெரும்பாலும் சாம்பலானது. இன்றைக்கு லண்டனில் நாம் படத்தில் பார்க்கிற பாராளுமன்றம் அதற்குப் பிறகு கட்டியது.

தடுத்தல் என்ற பொருள் சரிபார்த்தலாகத் திரும்புகிற முனை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நேரடி வம்சாவளியாக இதைச் சொல்லவில்லை, எண்ணம் ஒன்று என்கிறேன். மோசடியைத் தடுக்க வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் இன்னொரு பாதி இருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் செக் என்றால் 'தவறையோ திருட்டையோ பிடிக்க வைத்துக்கொள்ளும் ஒப்பீடு' என்ற பொருள் வந்துவிட்டது. அங்கிருந்து 'ஒப்பிட்டுப் பார்' என்ற வினை. அங்கிருந்து எதை வேண்டுமானாலும் பார், சோதி, உறுதி செய். பஸ் டிக்கெட், ரத்தம், வவுச்சர், கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா, வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்திருக்கிறதா, எல்லாம். இன்றைக்கு ராஜாவையும் தடையையும் மறந்துவிட்டு இந்தப் பொருள்தான் முன்னால் நிற்கிறது.

பேங்க் செக்கும் இதே வழியில் பிறந்தது. பேங்குக்காரருக்கு "இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கடிதம் எழுதுகிற பழக்கம் லண்டனில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1659-இல் எழுதின 400 பவுண்டுச் சீட்டு ஒன்று இன்னமும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அப்போது அதற்குச் செக் என்று பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் கிழித்துக் கொடுக்கிற தாள் இல்லை, புத்தகத்தோடு தங்கிவிடுகிற அடிக்கட்டைதான் செக். கொடுத்த தாளில் யாராவது கைவைத்தால், அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம், அதனால் அது செக். பிளந்த குச்சியின் மறு பாதி காகிதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. போகப்போக அடிக்கட்டையின் பெயர் தாளுக்குத் தாவிவிட்டது. எக்ஸ்செக்கர் என்ற எழுத்துக்கூட்டல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் இங்கிலாந்துக்காரர்கள் இதையும் கியூ போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்கர்கள் பழையபடி சி, கே என்றே வைத்துக்கொண்டார்கள். நாம் இங்கிலாந்து வழி. நம் நாட்டில் செக்குக்கான 1881-ஆம் வருடச் சட்டத்திலும் கியூதான்.

அந்தச் சட்டத்தில் 138-ஆவது பிரிவைத் தெரியாத வியாபாரி தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. அந்தப் பிரிவு 1988-இல் செய்த திருத்தத்தில் சேர்ந்தது. வரப்போகிற தேதி போட்ட செக்கை வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு சரக்கு கொடுக்கிற பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு அந்தப் பிரிவு கொடுத்த தைரியமும் ஒரு காரணம். செக்குக்குத் தமிழில் காசோலை என்கிறோம், காசுக்கு ஓலை. பேங்கில் இன்றைக்கும் 'செக் லீஃப்' என்றுதான் கேட்கிறார்கள், அந்த லீஃபுக்கு ஓலை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

வெற்றுச் செக் என்று ஒன்று உண்டு. கையெழுத்து மட்டும் போட்டு, தொகையை எழுதாமல் கொடுத்துவிடுவது. 1914 ஜூலை 5-ஆம் தேதி, செர்பியா விஷயத்தில் நீங்கள் என்ன செய்தாலும் நாங்கள் பின்னால் நிற்போம் என்று ஜெர்மன் பேரரசர் ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தார். வரலாற்று நூல்களில் அந்த வாக்குக்கு 'பிளாங்க் செக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் முதல் உலகப் போர்.

துணிக்கு வருகிறேன். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருப்பதால் செக்டு. எக்ஸ்செக்கர் மேஜை போன வழி கணக்கு, இது போன வழி தறி. கார் பந்தயத்தில் கடைசியில் ஆட்டுகிற கறுப்பு வெள்ளைக் கொடி, இங்கிலாந்துச் சாராயக் கடைகளுக்கு வைக்கிற 'தி செக்கர்ஸ்' என்ற பெயர், அமெரிக்காவில் செக்கர்ஸ் என்று சொல்கிற பலகை விளையாட்டு, எல்லாம் இந்தப் பக்கம். ஆனால் இந்தக் கிளையில் உலகம் முழுக்கத் தெரிந்த துணி எங்கிருந்து போனது? மெட்ராஸ் செக்ஸ். நூலுக்கே சாயம் தோய்த்து, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றி ஓட்டி, கைத்தறியில் நெய்த கட்டத்துணி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறிச் சில நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போயிருக்கிறது. மார்டினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டுகிற துணிக்கு இன்றைக்கும் பெயர் மெட்ராஸ்தான். சென்னை என்று நாம் 1996-இல் பெயரை மாற்றினோம், அங்கே அந்தப் பழைய பெயர் திருவிழா உடையில் அப்படியே இருக்கிறது.

நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மெட்ராஸ் துணியை அப்படியே உடுத்திக்கொண்டு விட்டுவிடவில்லை. நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் ஊசியால் தூக்கி, சவரத்தகட்டால் வெட்டி, உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிதாக ஒரு உருவத்தைக் கொண்டுவருகிறார்கள். துணி ஜல்லடை மாதிரி ஆகிவிடும், கிழியாது. பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர், வெட்டிய துணி என்று பொருள். அவர்களுடைய குடும்பச் சடங்குகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. இங்கே குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் கைலிக்குக் கட்டம் போடுகிற நெசவாளிக்கும், காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக்குக் கட்டம் போடுகிறவருக்கும் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. தங்கள் கட்டத்துக்குள் இன்னொருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

அமெரிக்கர்கள் செக்கை இழுத்த இழுப்பு தனி. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு பில்லுக்குச் செக் என்கிறார்கள். நாம் டிக் அடிப்பதை அவர்கள் செக் மார்க் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் செக் பாக்ஸ் வந்தது அப்படித்தான். ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் கொடுக்கிற பித்தளை வில்லையும் செக், கோட்டை மாட்டிவிட்டு வாங்குகிற டோக்கனும் செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு ரெயின் செக், அதிலிருந்துதான் "இன்னைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்ப்போம்" என்பதற்கும் ரெயின் செக் என்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் செக்-இன் செய்வது இந்த டோக்கன் வழியில் வந்தது. பெட்டியில் ஒட்டுகிற பட்டையையும் நம் கையில் கொடுக்கிற துண்டையும் பார்த்தால் பிளந்த குச்சியின் இரண்டு பாதி ஞாபகம் வரும்.

தமிழில் நமக்கென்று ஒரு பிரயோகம் இருக்கிறது, செக் வைப்பது. "கூட்டணித் தலைவருக்கு செக் வைத்த மாவட்டச் செயலாளர்" என்று வாரப் பத்திரிகைகளில் வாரம் ஒன்றாவது வந்துவிடும். எதிராளி நினைத்ததை நடத்த முடியாதபடி ஒரு காயை நகர்த்திவிட்டு உட்கார்ந்துகொள்வது. இதை ஆங்கிலத்தில் இவ்வளவு சுருக்கமாக இன்றைக்குச் சொல்ல முடியாது, வேறு ஏதாவது வினையைத்தான் தேட வேண்டும். பாரசீகத்தில் "ஷா!" என்று கத்தியபோது இருந்த பொருளுக்கு மிக நெருக்கமாக அந்தச் சொல்லைப் பேச்சில் வைத்திருப்பவர்கள் நம் அரசியல் நிருபர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பெரிய போட்டிகளில் இப்போது யாரும் வாய்திறந்து செக் என்று சொல்வதில்லை, சர்வதேச விதியில் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார், அந்த ஆட்டங்களில் எல்லாம் செக் விழுந்தது, வாயால் சொன்னவர் இல்லை. செக் என்று சத்தமாகச் சொல்வதெல்லாம் நாம் வீட்டில் திண்ணையில் ஆடும்போதுதான்.

கடைசியாக இரண்டு உறவில்லாத ஆட்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னூட்டத்தில் கேட்பீர்கள். எண்ணெய் ஆட்டுகிற செக்கு நம் சொந்தச் சொல், கோயம்புத்தூர் சிறையில் வ.உ.சி. இழுத்தது அது, இதற்கும் ஷாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேச்சில் பேங்க் செக்கையும் 'செக்கு' என்று உகரம் சேர்த்துச் சொல்வதால் ஒன்றுபோலக் கேட்கிறது, அவ்வளவுதான். செக் குடியரசு என்பது அங்கே வாழ்கிற மக்கள் இனத்தின் பெயர், அதுவும் வேறு.

செக்கர் வானத்தைக் கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அது செம்மையிலிருந்து வந்த சிவப்பு.